மூன்றாவது அறுவடை

மண்டபத்திலேயே ரயிலை நிறுத்திவிட்டார்கள். பாம்பன் பாலத்தில் காற்று அடங்கினால்தான் வண்டி நகருமாம். அதுவரை கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க ஆஸ்லினால் ஆகுமா? பையைத் தூக்கிக்கொண்டு இறங்கி, ஓடிப்போய் ஒரு பஸ்ஸில் ஏறிவிட்டாள். நேற்றுச் சாயங்காலத்திலிருந்து அம்மா போனை எடுக்கவில்லை. அப்பாவின் போன் அணைந்தே கிடந்தது. பாலத்தின் மேல் பஸ் ஊர்ந்தது. கீழே கடல் சேறாகக் கலங்கியிருந்தது. ஒடிந்த மூங்கில் ஒன்று அலையில் எழும்பி எழும்பி விழுந்தது. அது யார் மிதவையில் இருந்த மூங்கிலோ! மறுபடியும் அம்மாவின் நம்பரை அழுத்தினாள்.

படிப்பு என்னவாகுமோ என்ற கலக்கம் இன்று நேற்று வந்ததில்லை. சென்னைக்குப் போய் ஆனர்ஸ் படிப்பில் சேர்ந்த நாளிலிருந்தே இருக்கிறது. ஆனர்ஸ் என்றால் என்னவென்று சொந்த ஊரான தங்கச்சிமடத்தில் யாருக்கும் அவளால் விளங்கவைக்க முடியவில்லை. மூன்று வருஷம் படித்தால் பட்டம் வாங்கிக்கொண்டு போய்விடலாம். நல்ல மார்க் இருந்தால் நான்காவது வருஷமும் இருந்து, சொந்தமாக ஓர் ஆராய்ச்சி செய்து முடிக்கலாம். அதுதான் ஆனர்ஸ். கூடப் படித்தவர்களில் பாதிப் பேர் மூன்றாம் வருஷத்தோடு கிளம்பிவிட்டார்கள். இவள் தங்கினாள். தங்கியதற்கு ஊர் ஒரே அர்த்தம்தான் சொன்னது: அரியர். "மூணு வருசப் படிப்ப நாலு வருசமா படிக்குது யேசுதாஸ் மக" என்று கோயில் வாசலிலேயே பேசினார்கள். உலை வாயை மூடலாம், ஊர் வாயை யார் மூடுவது? அப்பா யேசுதாஸ் கேட்டும் கேட்காதவர் மாதிரி வீட்டுக்கு வந்துவிடுவார். ஒருநாள் மட்டும் போனில் குரலைத் தாழ்த்தி, "பாப்பா, பெயிலாயிருந்தாலும் அப்பாட்ட சொல்லிரு. நான் ஒண்ணுஞ் சொல்ல மாட்டேன்" என்றார். அன்றைக்கு ஹாஸ்டல் மாடிப்படியில் உட்கார்ந்து அழுது தீர்த்தாள்.

ஆராய்ச்சிக்கு அவள் எங்கேயும் தேடிப் போகவில்லை. அம்மா லீமாரோஸ் செய்கிற வேலையையே எடுத்துக்கொண்டாள். கரையோரத்து ஆழமில்லாத தண்ணீரில் மூங்கில் மிதவைகளைப் போட்டு, கயிற்றில் கடல்பாசி நாற்றைக் கட்டி வளர்த்து, விளைந்ததும் அறுத்துக் காயப்போட்டு விற்கிற வேலை. நாற்றை நெருக்கிக் கட்டினால் அதிகம் விளையுமா, தள்ளித் தள்ளிக் கட்டினால் அதிகம் விளையுமா? அவ்வளவுதான் அவள் கேள்வி. அம்மாவின் மிதவைகளில் பாதியில் நெருக்கியும் பாதியில் தள்ளியும் கட்டினாள். ஒவ்வொரு மிதவையிலும் அறுத்ததைத் தனித்தனியாக நிறுத்தாள். இரண்டு அறுவடை ஒழுங்காக முடிந்தது. மூன்றாவதும் முடிந்தால்தான் முடிவு நிற்கும், ஆய்வேட்டை வாங்குவார்கள். அதைக் கொடுக்கச் சில நாட்களே இருக்கும்போது, ஈஸ்டருக்கு முந்திய தவக்காலத்தில் ஒருபோதும் வராத புயல் இந்த வருஷம் பார்த்து வந்தது.

"யம்மா, எம் மிதவைய மட்டும் எப்படியாச்சும் காப்பாத்திரும்மா. அது போச்சுன்னா நாலு வருசமும் போச்சு."

போனில் இதைத்தான் சொன்னாள். இன்னும் ஒரு வார்த்தை சொல்லியிருக்க வேண்டும். பதற்றத்தில் அழுகை முந்திக்கொண்டது, சொல்ல வேண்டியது பின்தங்கிவிட்டது. அது ரயிலில் ஏறிய பிறகுதான் உறைத்தது. அதற்குப் பிறகு அம்மா போனை எடுக்கவேயில்லை.

வீட்டுக்குப் போகாமல் நேரே கரைக்கு நடந்தாள். மிதவைகள் இருந்த இடத்தில் வெறும் தண்ணீர். மணலில் ஒரு பெரிய தார்ப்பாய், அதைச் சுற்றி நாலைந்து பெண்கள். அம்மா எழுந்து வந்தாள். உள்ளங்கையில் சேலைக் கிழிசல் சுற்றியிருந்தது.

"வந்துட்டியா பாப்பா. போனு தண்ணிக்குள்ள விழுந்துருச்சு. நீ பயந்திருப்பன்னு எனக்குத் தெரியும். ஒரு கொத்து விடல பாரு."

லீமாரோஸ் தார்ப்பாயை விலக்கினாள். உள்ளே இடுப்பு உயரத்துக்குப் பாசி. எல்லா மிதவையிலும் அறுத்தது, ஒரே குவியலாக. நெருக்கிக் கட்டியதும் தள்ளிக் கட்டியதும் ஒன்றோடொன்று பின்னி, ஈரமாக, பளபளவென்று கிடந்தது. 'தனித்தனியா போடும்மா' என்ற அந்த ஒரு வார்த்தையைத்தான் ஆஸ்லின் போனில் சொல்லாமல் விட்டிருந்தாள். எது எந்த மிதவையில் விளைந்தது என்று கடவுளே இறங்கி வந்தாலும் இனி சொல்ல முடியாது.

"கழுத்தளவு தண்ணில நின்னு அறுத்தோம்" என்றாள் ராக்கு. அம்மாவோடு பாசி போடுகிறவள், பக்கத்துத் தெரு. அரியர் என்று முதலில் சொன்னதும் அவள்தான். "எங்களுத அறுக்க நேரமில்ல. அது போனா போகுது, அடுத்த மாசம் நாத்து கட்டிக்கிருவோம். பிள்ள படிப்பு அப்படியா?"

"உங்க மிதவை போச்சாக்கா?"

"இங்கன யாருதுமே நிக்கல."

ஆஸ்லின் மணலில் உட்கார்ந்துவிட்டாள். அழுதால் என்னவென்று கேட்பார்கள். சொன்னால், இவர்கள் தங்கள் பிழைப்பைக் கடலுக்கு விட்டுவிட்டு அறுத்து வந்தது ஒன்றுக்கும் உதவாது என்று சொல்வதாகும். பையில் போன் அதிர்ந்தது. ஆய்வுக்கு வழிகாட்டும் பேராசிரியரிடமிருந்து செய்தி: மூன்றாவது அறுவடை எடையை இன்று அனுப்ப முடியுமா? அனுப்பலாம். மொத்தத்தையும் நிறுத்து, முந்தைய இரண்டு தடவை வந்த கணக்குப்படி பிரித்துப் போட்டால் யாருக்குத் தெரியப்போகிறது? அந்த நினைப்பு அவ்வளவு சுலபமாக வந்ததுதான் அவளைப் பயமுறுத்தியது.

யேசுதாஸ் தராசைத் தோளில் சுமந்துகொண்டு வந்தார். மகளைப் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு.

"நிறுத்துருவமா பாப்பா? இத்தோட முடிஞ்சிரும்ல?"

லீமாரோஸ்தான் சட்டென்று நின்றாள். "இருங்க. நெருக்கிக் கட்டுனது, தள்ளிக் கட்டுனதுன்னு தனித்தனியால்ல நிறுப்பா." குவியலைப் பார்த்தாள், மகளைப் பார்த்தாள். "அவசரத்துல ஒண்ணா போட்டுட்டனே. பாப்பா, பாத்தா உனக்குத் தெரியும்ல?"

பெண்கள் எல்லோரும் திரும்பினார்கள். அம்மாவின் கையில் சுற்றியிருந்த துணி சிவந்து நனைந்திருந்தது.

"தெரியும்மா" என்றாள் ஆஸ்லின்.

லீமாரோஸ் மூச்சு விட்டாள். "அதான, நாலு வருசம் சும்மாவா படிச்சா" என்று ராக்கு எழுந்தாள். யேசுதாஸ் பழைய வலைத்துண்டு இரண்டை இரண்டு பக்கமும் விரித்தார். நெருக்கியது இடது பக்கம், தள்ளியது வலது பக்கம் என்று அவர்களாகவே முடிவு செய்துகொண்டு, குவியலைச் சுற்றிக் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்கள். காற்று நின்றிருந்தது. ராக்கு மேலே கிடந்த ஒரு கொத்தை உருவி, உயர்த்திப் பிடித்தாள்.

"இது எந்தப் பக்கம் பாப்பா?"

கொத்திலிருந்து வடிந்த தண்ணீர் அவள் முழங்கை வழியாக மணலில் சொட்டியது. எல்லோரும் ஆஸ்லினின் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.