சுரங்க வாசலில் நேவியோ

சவப்பெட்டியைச் சுமந்து முன்னால் போன தீயணைப்பு வண்டி திடீரென்று நின்றது. பின்னால் வந்த காரும் பிரேக் அடிக்க, கவுன்சிலர் பஸ்தொரீனோவின் நெற்றி முன்கண்ணாடியில் போய் முட்டியது. தோளுக்குக் குறுக்கே கட்டியிருந்த, பதவிக்குரிய மூவர்ணப் பட்டை கசங்கிவிடுமென்று அவர் சீட் பெல்ட் போட்டிருக்கவில்லை.

"அடி பட்டுச்சா?" என்றாள் பின்சீட்டிலிருந்து ஓர்னெல்லா.

"பட்டைக்கு ஒண்ணும் ஆகலையே, அத மொதல்ல கேளு," என்றாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த ஈரிதே அத்தை.

முன்னால் நின்ற தீயணைப்பு வண்டியின் கூரை மேல், பூவும் பழைய ஹெல்மெட்டும் வைத்த பெட்டிக்குள் படுத்திருந்தவர் ஓர்னெல்லாவின் அப்பா நேவியோ, அத்தைக்கு அண்ணன். தீயணைப்பு வேலையிலிருந்து ஓய்வு பெற்றுப் பல வருஷம் கழித்து, தன் கட்டிலில், மதியத் தூக்கத்தில் போனவர். இத்தாலியின் ஜெனோவா நகரில் பணியில் இறந்தவர்களைத்தான் வண்டி மேல் ஏற்றுவார்கள். அந்த மாதம் பணியில் யாரும் இறக்கவில்லை. அடுத்த மாதமோ தேர்தல்.

ஊர்வலத்துக்கென்று டிப்போவில் ஒரு கிழட்டு வண்டி உண்டு. அது போட்டோவில் எடுபடாது என்று கவுன்சிலருக்குப் பட்டது. அதனால் டூட்டியில் இருந்த புது வண்டியே வந்திருந்தது, தண்ணீர், குழாய், மூச்சுக் கருவி எல்லாவற்றோடும், வெள்ளைக் கையுறை மாட்டிய ஆறு பேரோடும்.

இந்தக் கூத்துக்கு ஓர்னெல்லா சம்மதித்ததற்குக் காரணம் உண்டு. அப்பா வேலை முடிந்து வருவார். என்ன ஆச்சு என்று கேட்டால், "ஒரு வண்டி எரிஞ்சுது. அணைச்சோம். சூப் இருக்கா?" என்பார். அவள் சிறுமியாக இருந்த நாளிலும் அதுதான், அவளுக்குக் கல்யாணமான பிறகும் அதுதான். அங்கே அவர் என்னதான் செய்தார் என்று யாராவது ஒருவர் உரக்கச் சொல்ல, ஒரு தடவையாவது கேட்டுவிட வேண்டும் என்றிருந்தது அவளுக்கு. காரில் ஏறியதுமே, கவுன்சிலர் கல்லறையில் படிக்கவிருந்த உரையை வாங்கிப் படித்துப் பார்த்தாள். அதில் கவுன்சிலர் என்ன செய்தார் என்று நிறைய இருந்தது.

முன்னால் கார்கள் அடைத்துக்கொண்டு நின்றன. அவற்றுக்கு அப்பால் மலையில் சுரங்கப் பாதையின் வாய். அதிலிருந்து கறுப்பாக ஏதோ வழிந்து மேலே ஏறியது.

குழுத் தலைவன் லோரிஸ் கையுறையை உருவிக்கொண்டே ஓடி வந்தான்.

"ஓர்னெல்லாக்கா, உள்ள ஒரு வேன் எரியுது. அதுக்குப் பின்னால வந்த ஜனங்க இந்தப் பக்கம் புகையில மாட்டியிருக்காங்க. மத்த வண்டிங்க ஊர்ப்பக்கமே நெரிசல்ல நிக்குது. பக்கத்துல இருக்கிறது நாங்கதான்." வண்டியின் கூரையைப் பார்த்தான். "கேக்கவே கூச்சமா இருக்கு."

"ஒரு நிமிஷம்!" என்றார் கவுன்சிலர். "கல்லறைத் தோட்டத்துல பேண்டு வாத்தியம் காத்துக்கிட்டு இருக்கு. பிஷப் வந்துட்டாரு. மேலிடத்துல ஒரு வார்த்தை கேக்காம..."

"கேளுங்க. அதுக்குள்ள நாங்க போயிட்டு வந்துடறோம்."

இறக்கினால் ஊர்வலம் இல்லை, பேண்டு இல்லை, உரை இல்லை. அப்பாவைப் பற்றி யாரும் எதுவும் சொல்லப்போவதும் இல்லை. ஓர்னெல்லா கார்க் கதவைத் திறந்து இறங்கினாள்.

"இறக்குங்க," என்றாள். "மத்தத நான் பாத்துக்கறேன்."

மேலிருந்து இருவர் பெட்டியைச் சரித்துக் கொடுத்தார்கள். கீழே வாங்கிக்கொள்ள, நெரிசலில் நின்றவர்கள் வந்தார்கள். ஒரு லாரி டிரைவர், ஒரு கன்னியாஸ்திரீ, கடலில் குளிக்கப் போய்க்கொண்டிருந்த அரைக்கால் சட்டைப் பல் டாக்டர்.

"மெதுவா!" என்று கத்தினாள் அத்தை. "உயிரோட இருந்தப்பவே அவனுக்கு இடுப்புவலி!"

சாலையோரத்தில், சுரங்க வாசலைப் பார்த்தபடி, அவசரத் தொலைபேசி இருந்த ஒதுக்கிடத்தில் நேவியோவை வைத்தார்கள். அதற்குள் வானத்திலிருந்து சாம்பல் விழத் தொடங்கியிருந்தது. லாரி டிரைவர் தன் தார்ப்பாயைக் கொண்டுவந்து, பூவையும் ஹெல்மெட்டையும் எடுத்து ஓரமாக வைத்துவிட்டு, பெட்டியை மூடினார்.

"நல்ல மரம்மா. கறை பட்டா போகாது."

தடுப்புக் கம்பியில் ஆறு விழாச் சட்டைகள் தொங்கின. ஆறு பேரும் கனத்த உடுப்புக்குள் புகுந்து, முதுகில் காற்று உருளைகளை மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஆனால் வண்டி போக வழியில்லை. அந்தச் சாலைக்கு அவசரப் பாதை என்று ஒன்று கட்டவே இல்லை. ஒருபக்கம் மலை, மறுபக்கம் பள்ளத்துக்குக் கீழே கடல்.

"ஐயா," என்றான் லோரிஸ் கவுன்சிலரிடம். "அந்தப் பட்டையைக் கழட்டி ஆட்டிக்கிட்டே முன்னால ஓடுங்க. உங்க மூஞ்சிக்கு ஒருத்தனும் நகர மாட்டான். அதுக்கு நகருவான்."

கவுன்சிலர் பட்டையைக் கழற்றினார். வயிறு குலுங்க, கார்களுக்கு நடுவே, "ஒதுங்குங்க! ஒதுங்குங்க!" என்று அவர் ஓடியதை அவருக்கு ஓட்டுப் போடாத ஓர்னெல்லாவும் பார்த்தாள். கார்கள் இரண்டு பக்கமும் கம்பியையும் சுவரையும் உரசிக்கொண்டு விலகின. முணுமுணுக்காமல் எதையும் செய்து பழக்கமில்லாத ஊர் அது. அன்றைக்கு ஒருவரும் முணுமுணுக்கவில்லை. சிவப்பு வண்டி நடுவே புகுந்து போயிற்று.

சுரங்கத்தின் வாய் புகையால் அடைபட்டிருந்தது. மலைக்குள் படுத்திருக்கும் ஏதோ ஒன்று மூச்சு விடுவதைப் போல அது உப்பி உப்பி வந்தது. வண்டியை வாசலில் நிறுத்திவிட்டு, குழாயை இழுத்துக்கொண்டு நால்வர் நடந்தே போனார்கள். முன்னால் போன லோரிஸ் இடது கையைச் சுவரில் வைத்தான். உள்ளங்கையை அல்ல, புறங்கையை. அப்படியே தடவிக்கொண்டு போனான். முதலில் தலை மறைந்தது, பிறகு இடுப்பு, கடைசியாகப் பூட்ஸ்.

"அத்தை," என்றாள் ஓர்னெல்லா. "அப்பாவும் அப்படித்தான். வீட்டுல கரெண்டு போனா புறங்கையால சுவத்தத் தேச்சுக்கிட்டே நடப்பாரு. அம்மா திட்டுவாங்க."

"அறுந்த கரெண்டு கம்பி உள்ளங்கையில பட்டா விரல் தானா மடங்கிப் பிடிச்சுக்குமாம். புறங்கைன்னா உதறி விட்டுடும். நானே கேட்டேன், அதான் சொன்னான். கேக்காம எவன் சொன்னான் அந்த வீட்ல."

மலைக்குள்ளிருந்து ஒரு முழக்கம் கேட்டது. சுரங்கத்தின் ராட்சத மின்விசிறிகள் ஒவ்வொன்றாக உயிர்பெற்றன. பிடித்திருந்த இரும்புக் கம்பி ஓர்னெல்லாவின் கையில் அதிர்ந்தது. வெளியே வந்துகொண்டிருந்த புகை நின்றது. ஆடியது. பிறகு அத்தனை கறுப்பும் மெல்ல வளைந்து, வந்த வழியே மலைக்குள் திரும்பிப் போகத் தொடங்கியது. படம் பிடிக்கப் போனைத் தூக்கியிருந்தவர்கள் கையைத் தாழ்த்தினார்கள். கன்னியாஸ்திரீ சிலுவைக் குறி போட மறந்து நின்றாள். தூரத்தில், உள்ளே, ஒரு சிவப்புப் புள்ளியும் அதன் முன்னால் தீக்குச்சி அளவுக்கு நான்கு மனிதர்களும் தெரிந்தார்கள்.

இதற்குள் போய்வந்துதான் சூப் கேட்டிருக்கிறார்.

பிறகு ஆட்கள் வர ஆரம்பித்தார்கள். சுவரோரமாக, ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, முகமெல்லாம் கரியாக. செருப்பைக் கையில் வைத்திருந்த ஒரு பெண்ணை லோரிஸ் முழங்கையைப் பிடித்துக் கூட்டிவந்தான். அவள் கண்ணைத் திறக்க முடியாமல் இருமிக்கொண்டிருந்தாள். ஒதுக்கிடத்துக்கு வந்ததும் அவன் கையை எடுத்துவிட்டு, இன்னும் இருக்கிறார்கள் என்று ஜாடை காட்டி, மறுபடி உள்ளே ஓடினான்.

அந்தப் பெண் காற்றில் துழாவினாள். முழங்காலில் தார்ப்பாய் தட்டுப்பட்டது. அப்படியே அதன் மேல் உட்கார்ந்துவிட்டாள்.

"அடியே..." என்று அத்தை எழும்பினாள். ஓர்னெல்லா அவள் கையைப் பிடித்தாள்.

"யாராச்சும் இருக்கீங்களா?" என்றாள் அந்தப் பெண். "என் வீட்டுக்காரர் பின்னாலயே வர்றாரு. அவருக்கும் உட்கார எடம் இருக்கா?"

"இருக்கு," என்றாள் ஓர்னெல்லா. "கொஞ்சம் தள்ளி உட்காருங்க."

பெண் தள்ளி உட்கார்ந்தாள். குதிகால் பெட்டியின் பக்கவாட்டில் டொக் டொக்கென்று இடித்தது. அத்தை கழுத்திலிருந்த கறுப்புத் துணியை அவிழ்த்து, பாட்டில் தண்ணீரில் நனைத்து, அவள் முகத்தைத் துடைக்க ஆரம்பித்தாள்.