கூரை விட்டுப்போன வீடு

...இரண்டே இரண்டு கோடு, ஒரு கூரை, அதைப் போட மறந்ததற்கா இத்தனை படபடப்பு, என்று மூன்றாம் வகுப்பு டீச்சர் தன்னையே அதட்டிக்கொண்டாள், ஆனால் சாக்பீஸ் பிடித்த விரல் கேட்டால்தானே, பலகையில் எழுதிய கழித்தல் கணக்கில் ஏழு ஒன்று போல நெளிந்தது... காலையில் பள்ளி வாசலில் அவள் வகுப்புப் பெண் ஒருத்தியின் அப்பா ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல், "டீச்சர், பாப்பா தூக்கத்துலகூட போர்வையில விரலால என்னமோ கோடு போடுறா. நேத்து, 'நான் மக்காயிட்டேனாப்பா'ன்னு கேக்குறா. கிளாஸ்ல ஏதாச்சும் நடந்துச்சா?" என்றார். ஒண்ணுமில்லையே சார், என்று சொன்னது யார் வாய்? அவர் போனதும் ஆசிரியர் அறையில் உட்கார்ந்து, அந்தப் பெண்ணுக்குக் கொடுத்திருந்த புதிரை வரைந்து பார்த்தாள். ஒரு சதுரம், உள்ளே மூலைக்கு மூலை இரண்டு கோடு, மேலே கூரை. பென்சிலை எடுக்காமல், போன கோட்டில் மறுபடி போகாமல் வரைய வேண்டும். கூரை இருந்தால் வரும். இல்லாவிட்டால் யார் தலைகீழாக நின்றாலும் வராது. அவள் கைப்பட வரைந்த அட்டையில் கூரை இல்லை.

ஜன்னலோரம் உட்கார்ந்திருக்கிறாள் அந்தப் பெண். மற்றவர்கள் தேதி எழுதி அடிக்கோடு போடுவதற்குள் எல்லாவற்றையும் செய்துவிட்டு, முடிச்சிட்டேன் மிஸ், இப்ப என்ன செய்ய, என்று எழுந்து நிற்பவள். அந்தக் கேள்விக்குப் பயந்துதானே டீச்சர் பழைய ஷூ டப்பாவில் புதிர் அட்டைகளை அடுக்கினாள், மெதுவாகப் போகிறவர்களுக்கு மஞ்சள், சமாளிக்கிறவர்களுக்குப் பச்சை, இவளுக்கென்றே சிவப்பு... திங்கட்கிழமை அதைக் கொடுக்கும்போது வாய் சும்மா இருந்ததா, உனக்கெல்லாம் இது ஜுஜுபி, பொறுமை இருந்தா யாருக்கும் வரும், என்று வேறு சொல்லித் தொலைத்தாளே...

"முடிச்சிட்டேன் மிஸ்." டீச்சர் சட்டென்று திரும்பினாள். அவள் இல்லை, ராக்கெட் என்று பட்டப்பெயர் வாங்கிய பையன். எப்போதும் முதலில் முடிப்பான், மொத்தமும் தப்பாக இருக்கும். "ராக்கெட்டு, கீழ இறங்கி ஒரு தடவை சரிபாருடா," என்றதும் வகுப்பு சிரித்தது. ஜன்னலோரம் மட்டும் சிரிப்பில்லை. டீச்சர் ஜன்னலோரம் நடந்தாள், எட்டு வயசுக் குழந்தையிடம் போகிறோமா, நீதிபதியிடமா... குழந்தை கையால் நோட்டை மறைத்தது. விரலிடுக்கில் கடைசிக் கணக்கு தெரிந்தது, விடை எழுதி அழிக்கப்பட்டிருந்தது, அழித்த தடத்தில் தெரிந்த விடை சரியானதுதான். "இன்னும் முடிக்கல மிஸ்," என்றது, கேட்பதற்கு முன்பே. முடித்தால் அந்த அட்டையை எடுக்க வேண்டுமே.

டீச்சர் குனிந்து, பக்கத்துப் பிள்ளைக்குக் கேட்காத குரலில், "மிஸ்தான்டா கண்ணு தப்பா வரைஞ்சுட்டேன். கூரை விட்டுப்போச்சு," என்று சொல்லி அட்டையில் இரண்டு கோட்டையும் போட்டாள். அப்பாடா, சொல்லியாயிற்று, இனி ஒன்றும் இல்லை... குழந்தை கூரையைப் பார்த்தது, அவள் முகத்தைப் பார்த்தது, அதே ரகசியக் குரலில் கேட்டது: "எனக்கு வரலன்னு ஈஸியாக்கிட்டீங்களா மிஸ்?"

இல்லை என்று வாய் திறந்தாள், எதை வைத்து நம்பும் இது, மிஸ் தப்பு என்று இந்த அறையில் என்றைக்காவது கேட்டிருக்கிறதா, பலகையில் பிழை வந்தால்கூட, யார் கண்டுபிடிக்கிறீங்கன்னு பார்த்தேன், என்று சமாளித்தவள் அல்லவா அவள்... காதோடு சொன்னால் ஆறுதலாகத்தான் கேட்கும், எல்லோர் முன்னாலும் சத்தமாகச் சொன்னால்? நிமிர்ந்தாள். தலைகள் எல்லாம் நிமிர்ந்தன... முன்வரிசை நோட்டுகளில் பார்வை விழுந்தது. பலகையில் நெளிந்த அந்த ஏழு, ஒவ்வொரு நோட்டிலும் ஒன்று என்றே இறங்கியிருந்தது. இது என்ன நம்பர் மிஸ் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை.