பழைய பெயரில் புது டேபிள்

…இல்லை, அவசரப்படக் கூடாது, முதலில் பெயர் மாறட்டும், ஒத்திகை சர்வரிலிருந்து கொண்டுவந்த புது டேபிள், மருந்துகளின் தகவல் பட்டியல், நிஜ சர்வரில் பழையதன் பக்கத்திலேயே சமர்த்தாக உட்கார்ந்திருக்கிறது, ஒரே கட்டளை, பழையது வேறு பெயருக்குப் போகும், புதியது அதன் பெயரை எடுத்துக்கொள்ளும், மருத்துவமனையில் ஒருவருக்கும் தெரியாது… அதற்குத்தானே இந்தச் சாப்பாட்டு நேரம், அதற்குத்தானே நான் மட்டும் பட்டினி. கழுத்து விண்விண்ணென்று வலிக்கிறது. காலையில் வீட்டில் அவர் பல் தேய்த்துக்கொண்டே, "பொண்ணுதான் உன்னை அம்மான்னு கூப்பிட ஆரம்பிச்சுட்டாளே, இன்னும் அந்த அலமாரி எதுக்கு? இன்னிக்கு எனக்கு லீவுதானே, காலி பண்ணிடறேன்" என்றார். அவளைப் பெற்றவளின் துணிகள். நான் தலையாட்டினேன், சந்தோஷமாகத்தான், பொய் சொல்வானேன், இரண்டு வருடமாகச் சித்தி சித்தி என்றவள் போன வாரம் பள்ளி வாசலில் தோழிகளிடம் "எங்கம்மா வந்துட்டாங்க" என்றாளே, அதைக் கேட்டு எனக்குத் தலைகால் புரியவில்லையே…

கட்டளையைத் தட்டினேன். முடிந்தது. கீழே மருந்தகத்துப் பையன் போனில், "எப்பக்கா ஆரம்பிப்பீங்க?" "முடிஞ்சே போச்சுப்பா." "அட, ஒண்ணுமே தெரியலையே!" தெரியாது, தெரியக் கூடாது, சரி, பழையதையும் அழித்துவிட்டால் போய்ச் சாப்பிடலாம்… அழி என்றேன், மாட்டேன் என்றது. நோயாளிகளின் மருந்துச் சீட்டுகள் எல்லாம் இன்னும் பழைய டேபிளையே பிடித்துக்கொண்டிருக்கின்றனவாம். இது எப்படி மறந்தது எனக்கு? பிடிப்பு பெயரோடு இல்லை, பெயரை மாற்றினால் கூடவே வந்துவிடாது, ஒவ்வொன்றாக நாம்தான் மாற்றிக் கட்ட வேண்டும், அத்தனை வருட வேலைக்குப் பிறகு இப்படியா… வலுக்கட்டாயமாக அழித்திருந்தால் எல்லாம் அறுந்திருக்கும். பள்ளிவிட்டு வந்ததும் அவள் அந்த அலமாரியைத் திறந்து துணிகளுக்குள் முகத்தை வைத்துக்கொண்டு நிற்பாள், தினமும், நான் பார்த்தும் பார்க்காததுபோல அடுப்படிக்குப் போய்விடுவேன், பார்த்தவள்தானே, பிறகு எப்படித் தலையாட்டினேன்?

அவரைக் கூப்பிட்டேன். "காலி பண்ணிட்டீங்களா?"

"எல்லாம் மூட்டை கட்டியாச்சு. ஏன்?"

"கொடுத்துடாதீங்க. இருந்த மாதிரியே திரும்ப வைங்க."

"என்ன திடீர்னு? எது எந்தத் தட்டுல இருந்துச்சுன்னு எனக்கெங்க ஞாபகம்? உனக்குத் தெரியுமா?"

எனக்கும் தெரியாது, ஒரு நாளும் திறந்து பார்த்ததில்லை… எது எங்கே இருந்தது என்று தெரிந்தவள் வீட்டில் ஒருத்திதான், அவளுக்கு இன்னும் இரண்டு மணி நேரத்தில் பள்ளி விட்டுவிடும்.