சுழியைச் சுற்றிப் போன ட்ராக்

நான் ஸ்விட்சைப் போட்டேன். வெண்ணந்தூரில் பன்னிரண்டு தறிகள் நின்றன. என் எலெக்ட்ரானிக் போர்டின் வேலை, நெய்த துணியை மீட்டர் கணக்கில் எண்ணுவது மட்டும்தான். தறியை நிறுத்தும் வேலையை அதுவாக இழுத்துப் போட்டுக்கொண்டது.

"ஏனுங்க கதிர்வேலு, எண்ண வந்தீங்களா, நிறுத்த வந்தீங்களா?" என்றார் தறிப்பட்டறை முதலாளி சின்னண்ணன்.

சோதனை தேறினால் அவருடைய மூன்று பட்டறைகளுக்கும் எங்கள் போர்டுதான். நானும் கௌதமனும் சேர்ந்து தொடங்கிய கம்பெனிக்கு முதல் ஆர்டர். வரைவது நான், அளந்து பார்ப்பது அவன். "சுத்தமா இருக்குடா" என்று போன வாரம்தான் சொல்லியிருந்தான்.

காரணம் பத்து நிமிடத்தில் கிடைத்தது. போர்டின் நெற்றியில் செம்பிலேயே பிள்ளையார் சுழி போட்டிருந்தேன். சாமியை மிதிக்கக் கூடாதென்று, க்ளாக் சிக்னல் போகும் ட்ராக்கை, அந்தச் செம்புக் கோட்டை, சுழியைச் சுற்றிக் கொண்டுபோயிருந்தேன். நொடிக்கு எண்பது லட்சம் முறை ஏறி இறங்கும் சிக்னல். அவ்வளவு நீளச் சுற்று கிடைத்தால் ஆன்டெனாதான். அது போட்ட இரைச்சலில், ஊடை நூல் அறுந்துவிட்டதென்று தறிகளின் சென்சார்கள் நம்பிவிட்டன. என் பக்திக்கு இவ்வளவு ரேஞ்ச் இருக்குமென்று நான் நினைக்கவில்லை.

ட்ராக்கை வெட்டி, நேராக ஒரு குட்டி ஒயர் வைத்தேன். க்ளாக் கிளம்பும் இடத்தில் முப்பத்து மூன்று ஓம் ரெசிஸ்டர் ஒன்று. இனி சிக்னல் வெடுக்கென்று ஏறாது, இரைச்சலும் அடங்கும்.

"இப்பப் போடுங்கண்ணா."

அவர் போடவில்லை. என் பக்கத்தில் நின்ற கௌதமனைப் பார்த்தார். "நேத்து ஓட்டிக் காட்டுனீங்களே தம்பி, அந்த போர்டையே எடுத்துட்டு வாங்க. ரெண்டையும் பாத்துட்டுச் சொல்றேன்னேன். பாத்தாச்சு."

கௌதமன் பைக் பெட்டியிலிருந்து எடுத்து வந்தான். என் போர்டேதான். சுழி இல்லை, ட்ராக் நேராக இருந்தது, அதே இடத்தில் ரெசிஸ்டர். கம்பெனி பெயர் இருந்த இடத்தில் அவன் மச்சான் பெயரில் ஏதோ என்டர்பிரைசஸ். மாட்டியதும் பன்னிரண்டு தறிகளும் ஓடின. வரைந்தவன் என்ற முறையில் ஒரு கணம் எனக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

வெளியே அவனை நிறுத்தினேன். "என் போர்டை அளந்தப்ப நாய்ஸ் எவ்வளவு வந்துச்சு?"

"வா, டீ குடிச்சிட்டுப் பேசலாம்."

"எவ்வளவுடா?"

"நம்ம மீட்டரே பழசு..."

அவனுக்குச் சங்கடமாக இருக்குமே என்று நான்தான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். "திட்ட மாட்டேன். தெரியுமா, தெரியாதா?"

தறிச் சத்தத்துக்கு மேலே அவன் குரல் வந்தது.

"மொத நாளே தெரியும். சொன்னா நீ சரி பண்ணிருவே. அப்பறம் ஆர்டர் ரெண்டு பேருக்குமில்ல வரும்? எனக்கு மட்டும் வேணும்னு இருந்துச்சுடா."