வருகைப் பதிவில் வைஷாலி

எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு விஷாகா டீச்சர் சும்மா வந்துவிடவில்லை. ஐந்து வகுப்பையும் ஒரே அறையில் உட்கார வைத்துத் தலைமையாசிரியர் பாஷ்யம் சார் ஒருவரே மேய்த்துக்கொண்டிருந்தார். பள்ளி மேலாண்மைக் குழுவுக்கு என்னைத் தலைவியாகப் போட்டதும், இன்னொரு டீச்சர் வேண்டும் என்றுதான் முதல் தீர்மானம் போட்டோம். செய்யூருக்கும் செங்கல்பட்டுக்கும் சாரும் நானும் நடையாய் நடந்தோம். ஓர் அலுவலகத்தில், "படிக்காதவங்கல்லாம் தீர்மானம் போட ஆரம்பிச்சிட்டாங்க" என்று ஒருவர் சிரித்தார். "படிச்சவங்க ஒழுங்கா இருந்தா நான் ஏன் சார் பஸ்ஸேறி வரேன்" என்றேன். பாஷ்யம் சாருக்கு முகம் வெளிறிவிட்டது.

டீச்சர் வந்த பிறகுதான் என் மகள் வைஷாலி எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றாள். பஸ்ஸில் போனால் ஒரு கடைப் பலகையையும் விடமாட்டாள். வாயை மூடிக்கினு வாடி என்று எத்தனை தரம் அதட்டியிருக்கிறேன்.

கோடை விடுமுறை முடிகிற நேரத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. மூளைக்கு ஏறிவிட்டது என்றார்கள். பள்ளி திறந்தபோது அவள் இல்லை. இதற்கு மேல் அதைச் சொல்ல என்னால் ஆகாது.

துக்கம் கேட்டு வருபவர்கள் ஓய்ந்த பிறகு ஒருநாள் பாஷ்யம் சாரும் டீச்சரும் வீட்டுக்கு வந்தார்கள். சார் தண்ணீரை வாங்கிக் குடிக்காமல் கையிலேயே வைத்திருந்தார்.

"பார்வதம்மா, அடுத்த மாசம் பிள்ளைங்கள எண்ண வராங்க. ஒரு தலை குறைஞ்சாலும் ரெண்டாவது டீச்சர் உபரின்னு வேற ஊருக்குத் தூக்கிடுவாங்க."

"இப்போ குறையுதா?"

சார் தரையைப் பார்த்தார். "பாப்பா பேர நான் இன்னும் எடுக்கல."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. புரிந்ததும் அவர் கையிலிருந்த செம்பைப் பிடுங்கி அவர்மேலேயே எறியலாம் போலிருந்தது. "செத்த புள்ளய வெச்சிகினு கணக்கு காட்றீங்களா? நீங்கல்லாம் சோறுதான் துன்றீங்களா சார்?" என்று கேட்டேன். விஷாகா டீச்சர் அழுதுவிட்டார். "வேணாம் சார், பேர எடுத்துடுங்க, நான் போயிடறேன்" என்றார். டீச்சர் போனால் மறுபடி ஒரே அறை, ஐந்து வகுப்பு. என் மகளோடு படித்த பிள்ளைகளுக்கு எழுத்து பாதியிலேயே நின்றுபோகும். அதை நினைத்ததும் என் வாய் அடங்கியது.

வேறொரு பிள்ளையைச் சேர்த்தால் தீர்ந்தது என்று மறுநாளே சாரும் நானும் வீடு வீடாக ஏறி இறங்கினோம். காலையில் எல்லார் வாசலுக்கும் மதுராந்தகத்துத் தனியார் பள்ளி வேன் வந்துவிடுகிறது, யார் தருவார்கள்? என் நாத்தனார் ஜோதிலட்சுமியின் மகள் பிரதீபாவுக்கும் வைஷாலியின் வயதுதான். "கவருமெண்ட் ஸ்கூலுக்கா? வேற வேல இருந்தா பாரு அண்ணி" என்று முகத்துக்கு நேரே சொன்னாள். நாங்கள் படி இறங்கியதும் பின்னாலேயே வந்தாள்.

"சேக்கறதுதான் முடியாது. எண்ண வர அன்னிக்கு ஒரு நாள் வோணா இட்டுகினு போ. உனக்காவத்தான்."

ஒரு நாளைக்குப் பிள்ளை, கல்யாணத்துக்கு வாடகைப் பாத்திரம் எடுப்பதுபோல. சார் என்னைப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்லும் உரிமை எனக்கு மட்டும்தான் இருந்தது. நான் சொல்லவில்லை.

வைஷாலியின் பழைய சீருடையை அவளோடேயே புதைத்துவிட்டோம். அவள் பெயருக்கு இந்த வருஷம் வந்திருந்த புதுச் சீருடையைச் சார் கொடுத்தார். பிரதீபாவுக்கு அது தோளில் தொளதொளவென்றிருந்தது. ஊக்கு குத்திவிட்டேன்.

"உன் பேரு இன்னா?"

"பிரதீபா."

"இன்னிக்கு?"

"வைஷாலி" என்றது. பிறகு என் முகத்தையே பார்த்தது. "அத்த, அவ கோச்சிக்க மாட்டாளா?"

"மாட்டா" என்றேன்.

அதிகாரி வந்தார். தலைவி என்பதால் எனக்கும் ஒரு நாற்காலி போட்டார்கள். பெயர் கூப்பிடக் கூப்பிடப் பிள்ளைகள் எழுந்து நின்று "உள்ளேன் ஐயா" என்றார்கள்.

"வைஷாலி."

பிரதீபா சன்னல் வழியே வெளியே பார்த்துக்கொண்டிருந்தது. மற்றப் பிள்ளைகள் எல்லாம் என்னைப் பார்த்தார்கள்.

"வைஷாலி வரலியா?" அதிகாரி பேனாவை எடுத்தார். பாஷ்யம் சார் பதிவேட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். டீச்சர் கண்ணை மூடிக்கொண்டார்.

"வைஷாலி" என்றேன் நான். வீட்டில் அவளைக் கூப்பிடுகிற அதே குரல் எப்படியோ வந்துவிட்டது. "சார் கூப்புடறாரு பாரும்மா. எந்திரி."

அது எழுந்தது. "உள்ளேன் ஐயா."

அதிகாரி சிரித்தார். "தலைவியோட பொண்ணா? அம்மா ஜாடை அப்படியே இருக்கே."

டீச்சர் எங்கள் பள்ளியிலேயே இருக்கிறார். அங்கே பிள்ளை படிக்கிற அம்மாதான் தலைவியாக இருக்க முடியும். வைஷாலி பெயர் பதிவில் இருக்கிறவரை நான்தான் தலைவி, கூட்டத்துக்கும் போய் வருகிறேன். யார்மேல் வயிறெரிவது என்றுதான் தெரியவில்லை. சில நாள் அடுப்படியில் உட்கார்ந்து, என் மகளை வாய்விட்டுக் கூப்பிட்டு அழப் பார்க்கிறேன். வைஷாலி என்றதும், தோளில் ஊக்கு குத்திய அந்தப் பெண்தான் எழுந்து நிற்கிறது.