கூனிமேடு தாண்டி

இளம்பரிதி குடையை உயர்த்திப் பிடித்துக் கேமராவின்மேல் வெயில் படாமல் மறைத்துக்கொண்டிருந்தபோது சட்டைப்பையில் போன் அதிர்ந்தது. ஆலம்பரைக் கோட்டையின் இடிந்த சுவரில் வெயில் சாய்ந்து விழுந்து, செங்கல் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிற நேரம். அந்த வெயில் நாலரைக்கு வரும் என்று சொல்லி படம் எடுக்க ஹேமலதாவை வண்டியில் அழைத்து வந்தவனே அவன்தான். குடையை அசைக்காமல் மற்றக் கையால் போனை எடுத்தான். அக்கா கார்குழலி பேசினாள்.

"மூச்சு மாறிடுச்சிடா பரிதி. நீ கெளம்பி வந்துடு."

சரி என்றான். அவள் போனை வைத்துவிட்டாள். தனியார் மருத்துவமனை ஒன்றில் இருபது வருஷமாக நர்ஸாக இருப்பவள். அவள் மாறிவிட்டது என்று சொன்னால் மாறிவிட்டது என்றுதான் அர்த்தம்.

அப்பா அம்மாவாசை ஐந்து நாளாக முத்தியால்பேட்டை வீட்டில் கிடந்தார். இனி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மருத்துவமனையில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். முப்பத்தோரு வருஷம் மில்லில் நின்று வேலை பார்த்த உடம்பு, லேசில் விட்டுக்கொடுப்பதாக இல்லை. ஊரின் இன்னொரு கோடியிலிருந்து வந்து தங்கியிருந்த அத்தை சின்னப்பாப்பா தன் கம்மலைக் கல்லில் உரசித் தண்ணீரில் கலந்து கொடுத்துப் பார்த்தாள். வாசல் மண்ணைக் கரைத்து ஒரு சொட்டு விட்டுப் பார்த்தாள். பொன்னாசையும் இல்லை, மண்ணாசையும் இல்லை என்று ஆனதும் மூன்றாம் நாள் தீர்ப்பைச் சொல்லிவிட்டாள். "இது பெத்த மவன் கையால பாலுக்குத்தான் இழுத்துனு கெடக்குது. அவன் ஊத்துனா போயிடும்."

அதைச் சொன்னது சாதாரணமாகத்தான். எல்லோர் வீட்டிலும் சொல்வதுதான். ஆனால் இளம்பரிதி அந்தப் பேச்சைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டான். நான் ஊற்றினால் போய்விடுவார் என்றால், ஊற்றாதவரை இருப்பார். பால் டம்ளரும் ஸ்பூனும் அவன் பக்கம் வரும்போதெல்லாம் போன் வந்ததாக எழுந்து தெருவுக்குப் போனான். வண்டிக்கு டீசல் போட வேண்டும் என்றான். நாற்பத்து நாலு வயது ஆனவன் இப்படி நம்புவானா என்று கேட்டால், நம்புவான். அவனுக்கே அது கிறுக்குத்தனம் என்று தெரியும், தெரிந்துகொண்டேதான் நம்பினான்.

வெள்ளிக்கிழமை ஹேமலதாவின் பயணம் வந்தது அதற்குத் தோதாகப் போயிற்று. இரண்டு மாதத்துக்கு முன்னாலேயே பேசிவைத்தது, மாற்றி அனுப்ப ஆள் இல்லை என்று வீட்டில் சொன்னான். உண்மையில் ஒரு போன் போட்டால் போதும். ஹேமலதா ஈரோட்டில் கல்லூரி ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர், இவனோடு வருவது மூன்றாவது தடவை. படம் எடுத்த இடத்தையும் நேரத்தையும் சின்ன நோட்டில் குறித்துக்கொள்கிற ஒழுங்கான மனுஷி. அப்பாவுக்கு முடியவில்லை என்று சொல்லியிருந்தால் அவரே அவனைத் திட்டி வீட்டுக்கு அனுப்பியிருப்பார். அதனால்தான் அவன் சொல்லவில்லை.

காலையில் செஞ்சி மலையில் சூரியன் ஏறுவது, உச்சி வெயிலுக்குத் திருவக்கரையில் கல்லாகிக் கிடக்கும் மரங்கள், சாயங்காலம் ஆலம்பரை, கடைசியில் மரக்காணம் உப்பளம். எந்த இடத்தில் எந்த மாதம் எத்தனை மணிக்கு வெளிச்சம் விழும் என்பது இளம்பரிதிக்கு மனப்பாடம். படம் பிடிக்க வருகிறவர்கள் ஒருவருக்கொருவர் அவன் நம்பரைக் கொடுத்துக்கொள்வது அதற்காகத்தான். அப்பாவுக்கு மட்டும் இது ஒரு பிழைப்பாகவே தெரியவில்லை. இடிஞ்ச செவுத்தையும் எறங்குற வெயிலையும் காட்டுறதுக்கு ஒரு டிரைவரா என்பார். சொல்லிவிட்டு, அவன் எவ்வளவு நேரம் கழித்து வந்தாலும் வண்டிச் சத்தம் கேட்ட பிறகுதான் தட்டின்முன் உட்காருவார். அவர் காத்திருக்காத நாள் என்று ஒன்றை இளம்பரிதி பார்த்ததில்லை.

நாலே முக்காலுக்கு ஆலம்பரையிலிருந்து கிளம்பினார்கள். ஐந்து பத்துக்கு மரக்காணம் வந்தபோது மேற்கே மொத்தமாக மேகம் மூடியிருந்தது. உப்பளப் பாத்திகளில் தேங்கிய நீர் சாம்பல் நிறத்தில் அசையாமல் கிடந்தது. ஓலை போட்டு மூடிய உப்புக் குவியல்களும் மங்கலாகத்தான் தெரிந்தன. ஹேமலதா வண்டியிலிருந்து இறங்கக்கூட இல்லை.

"மோடம் போட்டிருச்சுங்களே பரிதி. இனி எங்க வெளிச்சம் வரப்போகுது? நேரா ஊருக்கே போயிர்லாங்க."

அவன் தலையை ஆட்டியிருந்தால் போதும். அங்கிருந்து முத்தியால்பேட்டைக்கு நாற்பத்தைந்து நிமிஷம். சென்னையிலிருந்து வார விடுமுறைக்கு வரும் கார்கள் சாலையை அடைப்பதற்கு முன்னால், ஐந்து ஐம்பத்தைந்துக்கெல்லாம் வீட்டில் இருக்கலாம். அத்தை கையில் டம்ளரோடு நிற்பாள். வாயைத் திறந்தபடி கிடக்கும் அந்த முகத்துக்குப் பக்கத்தில் அவன் குனிய வேண்டும்.

"பத்து நிமிஷம் பாக்கலாம் மேடம்," என்றான். "கீழ ஒரு சந்து இருக்குது பாருங்க. சூரியன் அதுல எறங்குச்சின்னா எல்லாம் செவந்துடும்."

சொன்னது பொய்யில்லை. தொடுவானத்துக்குச் சற்று மேலே மேகம் முடிகிற இடத்தில் விரல் தடிமனுக்கு வெளுப்பாக ஒரு கோடு இருந்தது. ஆனால் அந்தக் கோடு இல்லாவிட்டாலும் அவன் வேறு ஏதாவது சொல்லியிருப்பான். ஹேமலதா அவன் பேச்சை நம்பி இறங்கி ஸ்டாண்டை விரித்தார்.

பத்து நிமிஷம் இருபதானது. ஐந்தரைக்குக் கார்குழலி மறுபடி கூப்பிட்டாள். எங்கே வந்துகொண்டிருக்கிறாய் என்று கேட்டாள். இளம்பரிதி வரப்பில் நாலடி தள்ளிப் போய், கூனிமேடு தாண்டிவிட்டேன் என்றான். எப்படி அவ்வளவு சுலபமாக வாயில் வந்தது என்று தெரியவில்லை. கூனிமேட்டுக்குப் போக இன்னும் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் இருந்தது, வண்டி அணைந்து நின்றது.

"அப்பா காதுல வெக்கிறேன். நீயே சொல்லு," என்றாள்.

போனுக்குள் மூச்சுச் சத்தம் வந்தது. ரம்பம் இழுப்பதுபோல் ஒன்று, பிறகு நெடுநேரம் ஒன்றுமில்லை, பிறகு இன்னொன்று.

"அப்பா, வந்துனே இருக்கேன். கொஞ்சம் இருப்பா," என்றான்.

அதைச் சொல்லும்போது அவன் மனசாரத்தான் சொன்னான். இரு என்றால் இருப்பார். இத்தனை வருஷமும் இருந்தவர்தானே.

ஆறு அடிக்கும்போது சூரியன் அந்தச் சந்துக்குள் இறங்கியது. பாத்தி பாத்தியாகச் சிவப்பு ஏறி, உப்புக் குவியல்களின் ஒரு பக்கம் மட்டும் எரிந்தது. எத்தனையோ தடவை பார்த்த இளம்பரிதியே ஒரு கணம் எல்லாவற்றையும் மறந்து நின்றுவிட்டான். ஹேமலதா அவசர அவசரமாக அவனைக் கைகாட்டி, அந்த வரப்பின் நடுவில் போய் நிற்கச் சொன்னார். ஆள் ஒருத்தர் நின்றால்தான் உப்பளம் எவ்வளவு பெரிசு என்று தெரியுமாம். போய் நின்றான். அசையாதீங்க என்று குரல் கொடுத்தார்.

அப்போது சட்டைப்பையில் போன் அதிர ஆரம்பித்தது. யார் என்று பார்க்காமலே தெரிந்தது. உள்ளங்கையால் சட்டைப்பையை அழுத்திப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றான். போன் அதிர்ந்து அதிர்ந்து அடங்கியது. அதன்பின் அழைப்பு வரவில்லை. அவசரம் என்றால் கார்குழலி விடாமல் கூப்பிடுகிறவள். இப்போது அவசரம் இல்லை என்பது அந்த வரப்பின்மேல் நிற்கும்போதே அவனுக்குப் புரிந்துவிட்டது.

திரும்பி வரும்போது வழியெல்லாம் சென்னை வண்டிகள். ஹேமலதா பின்சீட்டில் உட்கார்ந்து கேமராத் திரையைப் பார்த்துப் பார்த்துச் சந்தோஷப்பட்டார். நீங்க நிறுத்தலைன்னா இது கிடைச்சிருக்காதுங்க என்று இரண்டு தடவை சொன்னார். கூனிமேட்டைத் தாண்டும்போது இளம்பரிதி ஊர்ப் பலகையைப் பார்க்கவில்லை. முத்தியால்பேட்டை மணிக்கூண்டுப் பக்கம் வந்ததும் கிளட்ச் வழுக்குகிறது என்று சொல்லி அவரை ஆட்டோவில் ஏற்றி விடுதிக்கு அனுப்பினான்.

தெருவில் பந்தல் கம்பு நட்டுக்கொண்டிருந்தார்கள். ஆட்டோவிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலிகள் இறங்கிக்கொண்டிருந்தன. உள்ளே அப்பாவைக் குளிப்பாட்டி வெள்ளை வேட்டி கட்டிப் படுக்க வைத்திருந்தார்கள். அத்தை ஓவென்று கத்துவாள் என்று எதிர்பார்த்தான். அவள் கத்தவில்லை. டம்ளரையும் ஸ்பூனையும் அவன் கையில் கொடுத்து, இப்பவாவது ஊத்துடா என்றாள். ஊற்றினான். பால் உள்ளே போகாமல் கடைவாயில் வழிந்து காதுப்பக்கம் ஓடியது. கார்குழலி பஞ்சால் அதை ஒற்றி எடுத்துவிட்டுத் தாடையைச் சேர்த்துத் துணியால் கட்டினாள். இளம்பரிதிக்கு அழுகை வரவில்லை. வெட்கமாக இருந்தது.

பஞ்சாங்கம் பார்க்கிற கிருஷ்ணசாமி வந்து எத்தனை மணிக்கு என்று கேட்டார். ஆறு மணி ரெண்டு நிமிஷம் என்றாள் கார்குழலி. ஆறு என்றே வைத்துக்கொள்ளலாமே என்றார் அவர். ஆறு ரெண்டு என்று மறுபடி அழுத்திச் சொன்னாள். இருபது வருஷமாக நோயாளிகளின் அட்டையில் நிமிஷம் தவறாமல் எழுதுகிறவள், சொந்த அப்பாவுக்கா விட்டுவிடுவாள். வந்தவர்கள் எல்லோரும் அதையேதான் கேட்டார்கள். அவளும் ஒரே மாதிரி சொன்னாள். "ஆறு ரெண்டுக்கு. தம்பி அஞ்சரைக்கே கூனிமேடு தாண்டிட்டான். சென்னக்காரன் வண்டிங்க வழிய அடச்சிடுச்சி, இல்லன்னா அவன் கையால பால் வாங்கியிருப்பாரு."

கேட்டவர்கள் உச்சுக்கொட்டினார்கள், இளம்பரிதியின் தோளைத் தொட்டுவிட்டுப் போனார்கள். ஒவ்வொரு தடவையும் அவன் வாயைத் திறக்கப் பார்த்தான். திறக்க முடியவில்லை. அப்பாவை ஏமாற்றியதைவிட, தன் பொய்யை அக்கா இப்படி நாலு பேருக்கு நெஞ்சைத் தொட்டுச் சொல்வதைக் கேட்பதுதான் தாங்க முடியாமல் இருந்தது.

மறுநாள் காலையில் குளிர்ப்பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தான். பெட்டியின் கண்ணாடியில் அடிக்கடி பனி மூடியது. கார்குழலி அடிக்கடி துடைத்தாள். நடுவில், சொந்தக்காரர்களின் நம்பர் எடுக்க வேண்டும் என்று அவன் போனை வாங்கிக்கொண்டு வாசலுக்குப் போனாள். பெரியப்பா மகனுக்குச் சொன்னாள். விழுப்புரத்துக்குச் சொன்னாள். பிறகு அவள் குரல் கேட்கவில்லை.

இளம்பரிதி திரும்பிப் பார்த்தான். அவள் பந்தல் காலில் சாய்ந்து நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டு விரலால் எதையோ பெரிதாக்கினாள். இன்னும் பெரிதாக்கினாள். உள்ளே வந்து அவன் பக்கத்தில் உட்கார்ந்து, போனை அவன் முன்னால் நீட்டினாள்.

ஹேமலதா அனுப்பியிருந்தார். சிவந்து கிடக்கும் உப்பளம், நடுவரப்பில் விரல் உயரத்துக்குக் கறுப்பாக ஓர் ஆள். ஆளின் ஒரு கை நெஞ்சில் அழுந்தியிருந்தது. படத்துக்குக் கீழே அவர் வழக்கப்படி எழுதியிருந்தார்: மரக்காணம் உப்பளம், வெள்ளிக்கிழமை, மாலை 6.03. அதற்கும் கீழே, நேற்று காத்திருக்கச் சொன்னதற்கு நன்றி.

கார்குழலி கடைசியாக அவனை அழைத்த நேரமும் அதுவே என்பது அவளுக்குத் தெரியாமல் இருக்காது. அந்தக் கை எதை அழுத்திக்கொண்டிருக்கிறது என்பதும் தெரியாமல் இருக்காது. அவள் ஏதாவது கேட்டால் எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று இளம்பரிதி காத்திருந்தான். எதற்காக நின்றேன் என்பதையும் சொல்லிவிடலாம். அவள் கேட்கவில்லை. போனைக் கவிழ்த்து அவன் மடியில் வைத்தாள்.

அப்பாவோடு மில்லில் ஒரே ஷிப்டில் இருந்த சக்கரபாணி அப்போதுதான் பேரனின் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். கையில் மாலை. காது சரியாகக் கேட்காதவர், அதனால் குரல் உரக்க வரும். மாலையைப் பெட்டிமேல் வைத்துக் கும்பிட்டார். பிறகு கார்குழலி பக்கம் திரும்பினார்.

"எத்தன மணிக்கும்மா?"

கார்குழலி எதிர்ச் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தாள். அதன் கீழேதான் அப்பாவின் கட்டில் கிடந்தது.

"மணி பாக்கல பெரிப்பா," என்றாள்.

அவருக்குக் கேட்கவில்லை போலிருக்கிறது. காதில் கை வைத்துக் குனிந்தார். அவள் இன்னும் உரக்க, தெருவுக்கே கேட்கிற மாதிரி, மணி பார்க்கவில்லை என்று சொன்னாள். கூனிமேட்டைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

கண்ணாடியில் மறுபடியும் பனி மூடியிருந்தது. அவள் முந்தானையால் முகத்துக்கு நேராக மட்டும் துடைத்துவிட்டு, தம்பி பார்க்க இடம் விட்டு நகர்ந்து உட்கார்ந்தாள்.