எட்டுச் செலவும் நண்டுக் கறியும்

நாகலட்சுமி நண்டின் கால்களைத் தட்டி உடைத்துச் சட்டியில் போட்டாள். கடலோரத்து அந்த வீட்டை வாங்கி நான்கு வருடமாகிறது. அதன் குசினியில் கறி கொதிப்பது இன்றுதான் முதல்முறை.

மகன் சுபாங்கன் ஜன்னல்களை ஒவ்வொன்றாகத் திறந்துகொண்டிருந்தான்.

"அப்பாவின்ர எட்டுச் செலவுப் படையலைச் சிட்னியில, ஹோம்புஷ் வீட்டில செய்திருக்கலாம் அம்மா. நாளைக்கு வீடு விக்கிற ஏஜென்ட் இதைப் பார்க்க வாறார். இந்த மணம் ஒரு கிழமைக்குப் போகாது."

"ஓம், தெரியும்."

தெரியாமலா? கயாமா ஊருக்கு அப்பால் நின்ற பழைய மாட்டுக்கொட்டிலை யாரோ கண்ணாடிச் சுவர் வைத்து வீடாக்கி விற்றபோது, புருசன் விக்னராஜா ஓய்வுகாலப் பணத்தைக் கொட்டி வாங்கினார். விடுமுறைக்கு வருபவர்களுக்கு வாடகைக்கு விடுவது அவர் திட்டம்.

"மாடு கட்டின இடத்தில ஆர் வந்து படுப்பினம்?" என்று அவள் அன்று சிரித்தாள்.

வந்தார்கள், வாராவாரம் வந்தார்கள். சனிக்கிழமை பத்து மணிக்கு ஒரு குடும்பம் போகும், மூன்று மணிக்கு அடுத்தது வரும். இடையில் புருசனும் பெண்சாதியும் சிட்னியிலிருந்து வந்து, கூட்டித் துடைத்து, கட்டில் விரித்துவிட்டு, வாசலில் காருக்குள் இருந்து சாண்ட்விச் சாப்பிடுவார்கள். மணக்கிற சமையல் வேண்டாம் என்று குசினிச் சுவரில் அவர் ஒரு தாள் ஒட்டியிருந்தார். விருந்தினருக்கு ஆங்கிலத்தில், கீழே, அவளுக்கென்றே தமிழில்.

"ஒருநாள் நாங்களும் இஞ்ச தங்குவம். நண்டுக் கறி வைச்சுத் தாறன்," என்று எத்தனை சனிக்கிழமை கேட்டிருப்பாள்.

"ஆக்கள் வராத நாள் பார்த்துத் தங்குவம்," என்பார். அப்படி ஒரு நாள் வரவில்லை. அதில் மனிதருக்குப் பெருமை வேறு.

போன சனிக்கிழமை தலையணை உறை மாற்றிக்கொண்டிருந்தவர் அப்படியே கட்டிலில் சாய்ந்தார், பிறகு எழும்பவில்லை. முகத்தில் நோவு இல்லை. வேலை பாதியில் நின்ற சலிப்புத்தான் இருந்தது. அதை நினைக்க அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்தது.

"தம்பி, ஏஜென்டை வரவேண்டாம் எண்டு சொல்லு. நான் இதை விக்கேல்லை."

"தனிய மெயின்டெய்ன் பண்ணுவீங்களோ?"

"மாசத்தில மூண்டு கிழமை வாடகைக்கு விடு. ஒரு கிழமை நான் இருப்பன். யன்னலைச் சாத்து, அப்பா சாப்பிட வேணும்."

அவன் அவளைப் பார்த்தான். பிறகு ஒவ்வொன்றாகச் சாத்தினான்.

விக்னராஜாவின் படத்துக்கு முன்னால் வாழையிலை விரித்து, சோறும் நண்டும் படைத்தாள்.

"இந்தப் பேப்பரைக் கழட்டட்டோ?" மகன் குசினிச் சுவரைக் காட்டினான்.

"வேண்டாம். அவர் ஒட்டினது, இருக்கட்டும்."

செத்தவர் ஆறுதலாகச் சாப்பிடட்டும் என்று கதவைச் சாத்திவிட்டு வெளியே இருப்பது வழக்கம். தாயும் மகனும் காருக்குள் போய் இருந்தார்கள். பழக்கதோஷத்தில் அவள் மணிக்கூட்டைப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

மூன்று மணியானது. யாரும் வரவில்லை.